காந்தம் அசையாததா?

எனக்குப் பதினான்கு வயது நடந்துகொண்டிருந்த காலத்தில், எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் தெற்கு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் சித்தாந்த வகுப்பு நடத்திவந்த புலவர் ஒருவர், சிவஞான போதத்தின் ஐந்தாம் சூத்திரத்துக்கு வந்த அன்று, மடியிலிருந்து ஒரு லாடக் காந்தத்தை எடுத்துத் தம் முன்னிருந்த பலகையின்மேல் வைத்து, அதன் முதுகில் இடக்கையை ஊன்றிக்கொண்டு, வலக்கை விரலால் ஒரு தையல் ஊசியைச் சிறிது சிறிதாக அதன் பக்கம் தள்ளினார். இரண்டு விரற்கடை தூரம் வரையில் ஒன்றும் நேரவில்லை. அதற்குப்பின் ஊசியின் முனை ஒருமுறை நடுங்கியது. அடுத்த கணம் அது தானாகவே துள்ளிப்போய்க் காந்தத்தின் காலோடு ஒட்டிக்கொண்டது. "ஓடியது எது? ஊசி. காந்தம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கு விருப்பம் இல்லை, முயற்சி இல்லை, விகாரம் இல்லை. சன்னிதி ஒன்றே போதும். முதல்வன் உயிர்களை இயக்குவதும் இவ்வண்ணமே" என்றார். அந்தச் சின்னஞ்சிறு ஓசையோடு என் உள்ளத்தில் அன்று பதிந்த கேள்வி, இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் என்னை விட்டு நீங்கவில்லை.

பிறவற்றை அசைப்பது எதுவோ, அது தான் அசையாமலிருக்க இயலுமா என்பதே அக்கேள்வி. இது என் கேள்வி மட்டுமன்று. தத்துவ சாஸ்திரத்தின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. கடவுள் உலகை இயக்குகிறார் என்று சொன்னால், இயக்குகிறவருக்கும் ஓர் இயக்கம் நேர்கிறதே, இயக்கம் என்பது மாறுதலாயிற்றே, மாறுதல் உடையது நித்தியமாகுமா என்று எதிர்வாதி கேட்கிறான். இதற்கு விடை தேடிப் புறப்பட்ட நம் முன்னோர்களில் பலர் கையில் எடுத்தது காந்தத்தையே. பிரகிருதி ஜடம், புருஷன் செயலற்றவன், ஆயினும் காந்தத்தின் முன் இரும்பு அசைவதுபோலப் புருஷனுடைய சன்னிதியில் பிரகிருதி அசைகிறது என்றனர் சாங்கியர். சங்கரர் தம் பிரம்ம சூத்திர பாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயம் இரண்டாம் பாதத்தில், பிரவிருத்தி இல்லாத ஒன்றும் பிறவற்றைப் பிரவிருத்திக்கச் செய்யலாம் என்பதற்கு அதே காந்தத்தைச் சான்றாக நிறுத்தினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரும், ஐம்பொறிகள் உயிரால் தொழிற்படுவதையும் உயிர்கள் அருளால் அறிவதையும் சொல்லவந்த இடத்தில், காந்தத்தைக் கண்ட இரும்பையே உவமையாக்கினார்.

வேறு வேறு முடிவுகளைக் கொண்ட மூன்று தரிசனங்கள் ஒரே கல்லின்மேல் வந்து நிற்கின்றன என்றால், அந்தக் கல் எத்தகையது என்று ஆராய்வது வீண்வேலை ஆகாது.

சங்கரரைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். காந்தத்தைத் தாம் கையாண்ட அதே பாதத்தில், சில சூத்திரங்களுக்கு அப்பால், சாங்கியர் அதைக் கையாளும்போது அவர் ஒப்புக்கொள்வதில்லை. காந்தத்தின் அண்மை எப்போதும் உள்ளதன்று. அது அருகில் வரவேண்டும், அந்த வரவே அதற்கு ஒரு வியாபாரம். மேலும் அது துடைத்துச் சுத்தம் செய்யப்படுதல் முதலியவற்றையும் வேண்டி நிற்கிறது. ஆகவே எந்நாளும் மாறாத புருஷனுக்கு அது உவமையாகாது என்கிறார். எத்தனை கூர்மையான பார்வை! உவமையின் அடியில் ஒரு வெடிப்பு இருப்பதை, அதைத் தாமே பயன்படுத்திக்கொண்ட ஒருவர் கண்டுவிட்டார். அந்த வெடிப்பு எவ்வளவு ஆழமானது என்பது மட்டும் அக்காலத்தில் தெரிய வழியில்லை.

1600ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வைத்தியர் வில்லியம் கில்பர்ட் காந்தத்தைப் பற்றி லத்தீனில் ஒரு பெருநூல் வெளியிட்டார். அதில், காந்தம் இரும்பை இழுக்கிறது என்று சொல்வதே பிழை, இரண்டும் ஒன்றையொன்று நாடிச் சேருகின்றன என்று அவர் எழுதினார். பின்னர் நியூட்டன், ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற தம் மூன்றாம் விதியை நிலைநாட்ட வந்தபோது, காந்தக் கல்லையும் இரும்பையும் தனித்தனிக் கலங்களில் வைத்து அசையாத நீரில் அருகருகே மிதக்கவிட்டுப் பார்த்தார். கலங்கள் ஒன்றையொன்று தொட்டதும் அப்படியே நின்றுவிட்டன. காந்தம் மாத்திரம் இழுத்து, இரும்பு இழுக்காதிருக்குமானால், அந்த ஜோடி ஒரே திசையில் ஓயாமல் விரைந்துகொண்டே போயிருக்க வேண்டும், அவ்வாறு போகவில்லை.

இதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அடுக்களையிலிருந்து அகன்ற பித்தளைத் தாம்பாளம் ஒன்றைக் கேட்டு வாங்கி, நீர் நிரப்பி, இரண்டு தக்கைகளில் ஒன்றன்மேல் காந்தத் துண்டையும் மற்றொன்றன்மேல் ஏறத்தாழ அதே எடையுள்ள இரும்புத் துண்டையும் வைத்து, நீரின் சலனம் அடங்கும்வரை இரண்டையும் விரல்களால் பிடித்திருந்துவிட்டு, மெல்ல விட்டேன். முதலில் இரண்டும் தயங்கி நின்றன. பின்பு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக, இரண்டுமே நகரத் தொடங்கின. நெருங்க நெருங்க வேகம் ஏறிற்று; தாம்பாளத்தின் ஏறக்குறைய நடுவில் இரண்டு தக்கைகளும் மோதிக்கொண்டன. காந்தம் தன் பங்குத் தூரத்தைத் தானும் கடந்து வந்திருந்தது. அதுவரை ஏட்டில் படித்திருந்ததைப் பிரத்தியட்சமாகக் கண்ட அந்த நிமிஷத்தில் எனக்கு உண்டானது ஆச்சரியம் மட்டுமன்று, ஒருவகை அச்சமும்கூட. கோயில் மண்டபத்தில் கேட்ட வாக்கியம் தாம்பாளத்து நீரில் கரைந்துவிட்டதுபோல் இருந்தது.

காந்தத்தோடு மின்சாரமும் சேர்ந்தபோது விஷயம் இன்னும் ஆழமாயிற்று. டென்மார்க்கின் கோபன்ஹேகன் சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்த ஹான்ஸ் கிறிஸ்தியன் எர்ஸ்டெட் ஒரு மருந்துக் கடைக்காரரின் மகன். காண்ட்டின் தத்துவத்தில் ஊறியவர். ஷெல்லிங் முதலானோரின் இயற்கைத் தத்துவத்தில் மனம் தோய்ந்தவர். இயற்கையின் சக்திகள் யாவும் ஒரே மூல சக்தியின் வெளிப்பாடுகள் என்பது அவருக்குச் சோதனையால் கிட்டிய முடிவன்று, சோதனைக்கு முன்னரே இருந்த நம்பிக்கை. மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உறவு இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை 1812ஆம் ஆண்டிலேயே அவர் அச்சில் ஏற்றியிருந்தார். 1820ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், மாணவர்களுக்கு முன் பாடம் நடத்துகையில், மின்கலத்தோடு இணைத்த ஒரு மெல்லிய கம்பியின் அருகே திசைகாட்டியின் ஊசி சற்றே அசைந்தது. அசைவு மிகவும் சொற்பமாக இருந்ததால், பார்த்திருந்தவர்களை அது பெரிதாகக் கவரவில்லை. ஜூலையில் வலிய மின்கலத்தோடு மீண்டும் முனைந்து, அம்மாதம் 21ஆம் தேதி நான்கே பக்கத்தில் ஒரு லத்தீன் அறிக்கையை அச்சிட்டு ஐரோப்பாவெங்கும் அனுப்பினார்.

அந்த அறிக்கையில் கண்ட விஷயத்தை இன்று எந்த வீட்டிலும் கண்டுகொள்ளலாம். ஒரு சிறு திசைகாட்டி, சாண் நீளச் செப்புக்கம்பி, டார்ச் விளக்குக்குப் போடும் பாட்டரி ஒன்று, இவை போதும். கம்பியை ஊசிக்கு மேலாக, வடக்குத் தெற்காகப் பிடித்துக்கொண்டு முனைகளைப் பாட்டரியில் தொட்டால், ஊசி வெடுக்கென்று குறுக்கே திரும்புகிறது. அதே கம்பியை ஊசிக்குக் கீழே கொண்டுபோனால் எதிர்ப்புறம் திரும்புகிறது. ஒரு ஆம்பியர் ஓட்டமுள்ள நீண்ட கம்பி, ஒரு சென்டிமீட்டர் தூரத்தில், நம் தமிழ்நாட்டில் பூமி அந்த ஊசியைக் கிடைமட்டமாகத் திருப்பும் வலிமையில் ஏறத்தாழப் பாதியை உண்டாக்கிவிடும். இடையில் கண்ணாடி வைத்தாலும், மரம் வைத்தாலும், கல் வைத்தாலும் இவ்விளைவு தடைப்படுவதில்லை என்பதை எர்ஸ்டெட்டே பார்த்து எழுதியிருக்கிறார். எல்லாவற்றிலும் பெரிய வியப்பு, ஊசி கம்பியை நோக்கி ஓடுவதுமில்லை, கம்பியை விட்டு விலகுவதுமில்லை என்பது. அதுவரை அறிந்த விசைகளெல்லாம் இழுத்தன, அல்லது தள்ளின. இந்த விசையோ கம்பியைச் சுற்றிப் பிரதட்சிணம் செய்வதுபோலச் செயற்பட்டது.

பாரிஸில் ஆம்பேர், செய்தி கேட்ட சில தினங்களுக்குள், 1820 செப்டம்பரிலேயே, மின்னோட்டமுள்ள இரண்டு கம்பிகள் காந்தம் எதுவும் இல்லாமலே ஒன்றையொன்று இழுக்கவும் தள்ளவும் செய்யும் என்று காட்டினார். காந்தம் என்பதே நுண்ணிய மின்சுழல்களின் கூட்டம்தான் என்றும் பின்னர் துணிந்தார். இயக்குவதற்கென்று ஒரு ஜாதி, இயங்குவதற்கென்று ஒரு ஜாதி என்ற பேதம் அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

ஆனால் என் கேள்விக்கு நேர் விடையாக அமைந்தது லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1821 செப்டம்பரில் மைக்கேல் பாரடே செய்த காரியமே. கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பழகி, முப்பது வயதுகூட நிரம்பாதவர். சாண்டிமானியர் என்ற சிறிய கிறிஸ்தவச் சபையில் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் தம் விசுவாசத்தை அறிக்கையிட்டுச் சேர்ந்திருந்தவர். அவர் அமைத்த கருவியில் பாதரசம் நிறைந்த இரண்டு கிண்ணங்கள் அருகருகே இருந்தன. ஒன்றில் காந்தத்தை நிமிர்த்தி நிறுத்தி அசையாமல் பொருத்தியிருந்தார். மேலிருந்து ஒரு கம்பி ஊஞ்சல்போலத் தொங்கி, தன் நுனியால் பாதரசத்தைத் தொட்டது. மற்றதில் கம்பியை நடுவில் அசையாமல் நிறுத்திவிட்டு, காந்தத்தை அடியில் மட்டும் கட்டி, தலை பாதரசத்துக்கு மேலே தெரிய மிதக்கவிட்டிருந்தார். மின்னோட்டத்தைச் செலுத்தினார். முதற் கிண்ணத்தில் கம்பி காந்தத்தைச் சுற்றியது. இரண்டாவதில் காந்தம் கம்பியைச் சுற்றியது. உலகத்தின் முதல் மின்மோட்டார் இதுவே என்று விஞ்ஞானப் புத்தகங்கள் சொல்லும். நான் அதைப் பார்ப்பது வேறொரு கண்ணால். எது அசைகிறது, எது அசையாமலிருக்கிறது என்பதை அங்கே தீர்மானித்தது அவற்றின் சுபாவமன்று. எதைக் கட்டிவைத்தோம் என்பதே. கட்டை மாற்றிப்போட்டால் அசைவும் மாறிவிடுகிறது.

நம் தலைக்கு மேலே சுழலும் மின்விசிறியில் இதைத் தினமும் பார்க்கிறோம். சுவிட்சைப் போட்ட கணத்தில், இறக்கைகள் ஒரு பக்கம் திரும்புகையில் அதைத் தாங்கும் தண்டு மறுபக்கமாக இலேசாக ஒரு வெட்டு வெட்டும். தண்டு உத்தரத்துக் கொக்கியில் மாட்டியிருப்பதாலும், உத்தரம் சுவரோடும் சுவர் பூமியோடும் பிணைந்திருப்பதாலும் அந்த எதிர்விசை நமக்குத் தெரியாமற் போகிறதே தவிர, இல்லாமற் போகவில்லை.

இங்கே சாஸ்திரம் கற்றவர்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபத்தை நான் மறைக்க விரும்பவில்லை. உவமை எப்போதும் ஒருபுடை ஒப்புமையே; முகத்தைத் தாமரை என்றால் முகத்துக்கு நாளம் எங்கே என்று கேட்பது முறையன்று; காந்தம் உண்மையில் அசைகிறது என்று காட்டுவதால் இறைவன் அசைகிறான் என்று ஆகிவிடாது என்பார்கள். முற்றும் சரி. ஓர் உவமை உடைந்தால் உவமேயம் உடைவதில்லை. பௌதிக சாஸ்திரத்திலிருந்து கடவுள் இலக்கணத்தை யாரும் கறந்துவிட முடியாது. பாரடேயும் தம் விசுவாசத்தையும் தம் ஆராய்ச்சியையும் ஒன்றுக்கு மற்றொன்றைச் சாட்சியாக்கியவர் அல்லர். ஆனாலும் உவமையில் எந்தப் பகுதியைக் கருதிக் காந்தத்தை எடுத்தார்கள்? அசையாமல் அசைப்பது என்ற அந்த ஒரு பகுதியைத்தானே? தாமரையில் அழகைக் கருதி எடுத்தவர்க்கு அதன் நாளம் இடையூறு இல்லை. கருதி எடுத்த அந்த அழகே தாமரையில் இல்லை என்றால் என்ன செய்வது? அப்பொழுது உவமேயத்தை அல்ல, அந்த உவமையை நமக்கு அத்தனை இனிமையாக்கிய நம் மனத்தின் சாய்வையாவது ஒருமுறை சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். தொடப்படாமல் தருகிறவனே பெரியவன் என்று நாம் ஏன் நினைக்கிறோம்?

தருவதன் இயல்பை, மின்சாரம் பிறக்கும் இடத்தில் வைத்துப் பார்க்கலாம். 1831இல், கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தும் எடுத்தும் மின்னோட்டத்தைப் பிறப்பித்தார் பாரடே. 1834இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லென்ஸ் அதன் திசையை வரையறுத்தார்: இவ்வாறு பிறக்கும் ஓட்டம், தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்த்து நிற்கும். மேட்டூரில் காவிரி நீர் விழுந்து சக்கரத்தைத் திருப்புகிறது. சக்கரத்தோடு பெருங்காந்தங்கள், சுற்றிலும் உள்ள செப்புச் சுருள்களுக்கு நடுவே சுழல்கின்றன. ஊரில் விளக்கு ஒன்றும் எரியாதிருந்தால், உராய்வு போன்ற சில்லறைத் தடைகளைத் தவிர அந்தக் காந்தங்கள் பாரமில்லாமல் சுழலும். எங்கோ ஒரு வீட்டில் ஒரு தாய் பிள்ளைக்குப் பால் காய்ச்ச எழுந்து விளக்கைப் போடுகிறாள். அந்தக் கணமே சுருளில் ஓட்டம் கூடுகிறது. அந்த ஓட்டம் காந்தத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. அளவிட மாட்டாத சிறு அளவில் சக்கரம் தளர்கிறது. கட்டுப்பாட்டுக் கருவி வாயிலை இன்னும் சிறிது திறந்து நீரைக் கூட விடுகிறது. அவள் ஏற்றிய ஒரு விளக்கின் பாரத்தை அத்தனை பெரிய யந்திரம் தன் உடம்பில் தாங்குகிறது. பாரம் ஏறாமல் ஒரு விளக்கைக்கூட எரியச் செய்ய அதனால் இயலாது.

இதை எண்ணும்போது எனக்குச் சாஸ்திரங்களைவிடப் புராணங்களே நினைவுக்கு வருகின்றன. நிர்விகாரன் என்று தர்க்கத்தால் நிறுவிய அதே இறைவனை, மதுரையில் பிட்டுக்காக மண் சுமக்க வைத்துப் பிரம்படியும் பட வைத்தது தமிழ்ப் பக்தி. சுந்தரருக்காக அவன் திருவாரூர் வீதியில் நள்ளிரவில் பரவையார் வீட்டுக்கு ஒருமுறையல்ல, இருமுறை தூது நடந்தான். காஞ்சியில் திருமழிசையாழ்வார் எழுந்து போகச் சொன்னபோது, பெருமாள் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னே சென்றார். திரும்பி வரச் சொன்னபோது வந்து படுத்தார். சொன்னவண்ணம் செய்தவர் என்ற பேர் இன்றும் அந்தச் சன்னிதிக்கு இருக்கிறது. இவையெல்லாம் லீலை, உபசார வழக்கு, அன்பர்க்காகக் கொண்ட வேஷம் என்று உரைகாரர்கள் சமாதானம் சொல்வதை நான் அறிவேன். எனக்கு அச்சமாதானம் போதவில்லை. தொடப்படாதவனைப் பாட வாய் எழாது. அழுதால் அவனுக்குக் கேட்கும், கேட்டால் அவன் நெஞ்சில் ஏதோ நேரும் என்ற உறுதி இல்லாமல் ஒரு பதிகமும் பிறந்திருக்க முடியாது. தத்துவம் அசையாத காந்தத்தைத் தேடிய காலத்திலேயே பக்தி அசையும் காந்தத்தைக் கண்டுகொண்டது என்பதே என் துணிபு.

இரும்பின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். செம்பும் பொன்னும் காந்தத்தின் சன்னிதியில் அசையாமல் கிடக்க, இரும்பு மட்டும் ஏன் ஓடுகிறது? அருகில் வந்த காந்தத்தால் இரும்புக்குள் தாறுமாறாகக் கிடந்த நுண்பகுதிகள் ஒருமுகப்பட்டு, அந்த இரும்பே ஒரு காந்தமாகிவிடுகிறது; ஆன பிறகே இழுக்கப்படுகிறது, ஆன பிறகே இழுக்கவும் செய்கிறது. சிவத்தைச் சார்ந்து சிவமாதல் என்று சித்தாந்தம் பேசுவதற்கு இதைவிட நெருங்கிய படம் எனக்குக் கிடைக்கவில்லை. மெய்கண்டாரின் உவமை ஓரிடத்தில் வலுவிழந்தாலும் மற்றோர் இடத்தில், அவர் காலத்தவர் கண்டதைவிட ஆழமாக வேர்விட்டிருக்கிறது.

காந்தப் புலம் ஒரு மின்துகளை நடத்தும் விதமும் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்திருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் துகளை அது தீண்டுவதே இல்லை. ஓடுகின்ற துகளை, அதன் ஓட்டத்துக்குக் குறுக்கே தள்ளுகிறது. ஆகையால் துகளின் வேகத்தைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை, திசையை மட்டும் வளைக்கிறது. சூலை நோயால் திருப்பப்பட்ட திருநாவுக்கரசரை நினைத்துக்கொள்வேன். சமணத்தில் தருமசேனராய் நின்று வாதம் புரிந்த அதே வேகம்தான் பின்பு உழவாரமும் கையுமாக ஊர் ஊராக நடந்தது. அவரிடம் அருள் எதையும் புதிதாகச் சேர்த்ததாகவோ, இருந்ததைக் குறைத்ததாகவோ எனக்குத் தோன்றவில்லை, திருப்பிவிட்டது.

1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் தம் சார்புக் கொள்கையை வெளியிட்ட கட்டுரையை, காந்தத்தையும் கம்பிச் சுற்றையும் பற்றிய ஒரு கேள்வியோடுதான் தொடங்கினார். காந்தம் நகர்ந்து சுற்று நின்றாலும், சுற்று நகர்ந்து காந்தம் நின்றாலும், பிறக்கிற மின்னோட்டம் ஒன்றே. நகர்ச்சி பரஸ்பரமானது என்பதே முக்கியம். அவ்வாறிருக்க, அந்நாளைய சாஸ்திரம் முன்னதற்கு ஒரு காரணமும் பின்னதற்கு வேறொரு காரணமும் சொல்லிவந்தது. சீரான வேகத்தில் இரண்டும் ஒன்றையொன்று கடக்கும்போது, உண்மையில் அசைந்தது எது என்ற கேள்விக்கே பொருள் இல்லை என்பது அவர் கண்ட முடிவு. தேடிப் போய் அடைந்தேன் என்று ஓர் அடியவரும், தேடி வந்து ஆட்கொண்டான் என்று மற்றோர் அடியவரும் பாடுவதைக் கேட்டு, குரங்குக்குட்டியின் நியாயமா பூனைக்குட்டியின் நியாயமா என்று நம் வைஷ்ணவப் பெரியோர்கள் வழக்காடியது நினைவுக்கு வருகிறது. இரண்டு பாட்டிலும் கண்ணீர் ஒன்றாகவே இருக்கிறது.

புலவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. என் தாம்பாளச் சோதனையை அவரிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. சென்ற மாதம் என் பேரனுக்காக அதை மறுபடி செய்தேன். காந்தம் நகராமல் இரும்பு மட்டும் நகரவேண்டும் என்று அவன் கேட்டதால், காந்தம் இருந்த தக்கையின்மேல் ஒரு விரலை வைத்து அழுத்திக்கொண்டேன். இரும்பு நீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. அது நெருங்குகையில், விரலின் அடியில், காந்தம் அதன் பக்கமாக மெல்லத் திமிறுவது எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் கோயில் மண்டபம் கண்முன் வந்தது: பலகையின்மேல் லாடக் காந்தம், துள்ளும் ஊசி, காந்தத்தின் முதுகில் அழுந்த ஊன்றியிருந்த அவருடைய இடக்கை. எங்களுக்குத் தெரியாத அந்தச் சிறு இழுப்பு, பாடம் நடக்கும்போதெல்லாம் அந்த உள்ளங்கைக்குத் தெரிந்திருக்கும்.